கிழட்டு ஸ்கூட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. 2013-ஆம் வருஷம் வாங்கியது. அன்று அதன் நிறம் சிவப்பு. இன்று என்ன நிறம் என்று கேட்டால் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வோம். மீட்டர் எழுபத்தோராயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பூமியை ஒரு முறை சுற்றி வர ஏறத்தாழ நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று நான்தான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் கணக்குப்படி பார்த்தால், திருப்பாச்சூரை விட்டு அதிக தூரம் போகாத இந்த வண்டி, உலகத்தை ஒரு தடவை சுற்றி முடித்து, இரண்டாவது சுற்றில் முக்கால் வழி வந்திருக்கிறது. அதன் மேல் உட்கார்ந்திருந்த நானோ காசிக்குக்கூடப் போனதில்லை!

எல்லாம் போக வரத் தினம் இருபது கிலோமீட்டரால் வந்த வினை. பூண்டி ஏரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்குப் பள்ளிக்கூடம். அது தவிர திருவள்ளூர் மார்க்கெட், ரயிலடி, பெண்ணின் டியூஷன். அமாவாசைக்கு அமாவாசை என் மாமியாரைப் பின்னால் உட்கார வைத்து, வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வரவேண்டும். அந்தக் கூட்டத்தில் ஸ்கூட்டரை நிறுத்த இடம் பிடிப்பதற்கே தனியாக ஒரு பிரார்த்தனை செய்துகொள்ள வேண்டும்.

“இதை இன்னுமா தள்ளிவிடவில்லை?” என்று கேட்காத உறவினர் இல்லை. என் ஓரகத்தி ஒரு படி மேலே போய், “அக்கா, இது ஓடுகிற சத்தம் கேட்டால் எனக்கே மூச்சு வாங்குகிறது” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் புது வண்டி மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இன்றைய விலையில் புது ஸ்கூட்டர் வாங்கி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் லட்ச ரூபாயை எட்டிப் பிடிக்கிறது. எங்களிடம் இருந்தது பெண்ணின் காலேஜ் பணம். ஒரு ராத்திரி இவர் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, “படிப்பு நாலு வருஷம். அது வரைக்கும் இந்த வண்டி ஓடியாகவேண்டும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நடுவில் 2028 வருகிறது. அப்போது பதினைந்து வருஷப் பதிவு முடிந்துபோகும். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் சம்மதித்தாயிற்று. பாக்கி, வண்டிதான் சம்மதிக்க வேண்டும்.

அது சம்மதிக்காமல் நடுரோட்டில் உட்கார்ந்துகொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை மாசம். சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏழரை மணிக்குத் திருவள்ளூரில் அவளை டியூஷனிலிருந்து அழைத்துக்கொண்டு, திருத்தணி போகிற சாலையில் வந்துகொண்டிருந்தேன். திருப்பதிக்குப் போகிற பஸ்ஸும் லாரியும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு பறக்கிற சாலை அது. திடீரென்று காலடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். என்ஜின் சாமி வந்த மாதிரி கத்துகிறது. சக்கரமோ, எனக்கென்ன என்று சும்மா உருண்டு, மெள்ள நின்றுவிட்டது.

இறங்கித் தள்ளினோம். என்ஜினை அணைக்கப் போனேன். “வேண்டாம்மா, ஓடட்டும். விளக்காவது எரியும்” என்றாள் பெண். என் வண்டியில் என்ஜின் ஓடினால்தான் முன் விளக்கு எரியும். அந்தச் சமயத்தில் எனக்குத் தோன்றாத யோசனை! விளக்கை எரியவிட்டுக்கொண்டே தள்ளினோம். ஒரு லாரி எங்களை ஒட்டிப் போயிற்று. அந்தக் காற்றில் அவள் துப்பட்டா பறந்து என் முகத்தில் விழுந்தது. நான் ஒன்றும் பேசாமல் அவளைச் சாலையின் ஓரத்துப் பக்கமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, வண்டியின் இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டேன். இரண்டு கிலோமீட்டர் நடந்திருப்போம். இவருக்குக் காக்களூர்த் தொழிற்பேட்டையில் அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட். வீட்டு வாசலில் மாமியார் மட்டும் கையில் டார்ச்சுடன் நின்றுகொண்டிருந்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் லாரி மட்டும் அல்ல. இரண்டு வாரமாகவே வண்டி கிளம்பும்போது ஒரு மாதிரி உதறிக்கொண்டிருந்தது. இடது பக்கத்திலிருந்து ‘கீச் கீச்’ என்று ஒரு சத்தம். நான் கேட்டேன். கேட்டும், ‘பரீட்சை பேப்பர் திருத்தி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிட்டேன். அதே வண்டியில் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு வந்தேன்!

மறுநாள் காலை மெக்கானிக் பாய் வந்தார். இடது பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்து கறுப்பாக, நார் நாராக, நசுங்கின முறுக்குத் துண்டுகள் மாதிரி ஏதோ எடுத்துத் தரையில் போட்டார்.

“இன்னா டீச்சரம்மா, பெல்ட்டு எப்போ மாத்தினீங்க?”

எனக்கு ஞாபகம் இல்லை. சீட்டுக்கு அடியில் தேடினேன். கோயில் குங்குமப் பொட்டலம், ஒரு குடை, பழைய கடிகார ரசீது எல்லாம் வந்தன. கடைசியில் பெல்ட் ரசீதும் வந்தது. முப்பதாயிரத்தில் மாற்றியிருக்கிறோம். அறுந்தது அறுபத்து நாலாயிரத்தில்.

“முப்பத்து நாலாயிரம் ஓடியிருக்குது. பாவம், அது இன்னா பண்ணும்?” என்றார் பாய். என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

வண்டியோடு வந்த கைப்புத்தகத்தை அன்றுதான் முதல் முதலாகப் பிரித்தேன். பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. இந்த மாதிரிப் பல வண்டிகளுக்கு ஏறத்தாழ இருபத்து நாலாயிரம் கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வண்டிக்கும் அப்படியே.

இந்தப் பெல்ட் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மாவு மில்லில் பார்த்திருப்பீர்கள், மோட்டாரையும் கல்லையும் ஒரு பட்டை சேர்த்து ஓட்டும். அதேதான். வித்தியாசம், இங்கே சக்கரங்கள் இரண்டும் நடுவில் பிளந்தவை. முன் சக்கரத்துக்குள் சின்னச் சின்ன உருளைகள் இருக்கின்றன. குளித்துவிட்டுத் தலையை வேகமாகத் திருப்பினால் கூந்தலில் இருக்கும் தண்ணீர் வெளியே தெறிக்கிறதல்லவா? அது போல என்ஜின் வேகம் கூடக் கூட அந்த உருளைகள் வெளிப்பக்கம் ஓடி, பிளந்த பாதிகளை நெருக்கும். நெருக்கினால் பெல்ட் மேலே ஏறும். வண்டி வேகம் பிடிக்கும். கியர் போட வேண்டியதே இல்லை. ஹாலந்து தேசத்தில் டாஃப் கம்பெனி இந்த உபாயத்தை 1958-இல் ஒரு சின்னக் காரில் வைத்தது. நம் நாட்டில் 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர்தான் இதைக் குடும்பங்களுக்குப் பழக்கப்படுத்தியது. புடவையை ஒரு கையால் சமாளித்துக்கொண்டு, இடது கையில் கிளட்சும் கியரும் மாற்ற முடியாமல் தவித்த எத்தனையோ பெண்கள் அன்றைக்குத்தான் முன் சீட்டுக்கு வந்தார்கள். நானும் அந்தப் பரம்பரைதான். ஆனால் அந்தப் பெல்ட் ரப்பர். உராய்ந்து, சூடேறி, தினம் கொஞ்சம் தேய்கிறது. உருளைகளும் ஒரு பக்கம் தேய்ந்து சோழி மாதிரி ஆகிவிடுகின்றன. என் வண்டியில் ஆறும் அப்படித்தான் இருந்தன. பாய் எல்லாவற்றையும் மாற்றினார். புது ஸ்கூட்டர் விலையோடு ஒப்பிட்டால் அது கொசுறு.

பெல்ட்டை மாட்டுகிறவரைக்கும் நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவிடம் ஒரு பஜாஜ் சேட்டக் இருந்தது. ராணா பிரதாப் சிங்கின் குதிரையின் பெயரை வைத்து 1972-இல் வந்த வண்டி. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்து வாங்கினவர் அவர். அதனால் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தால் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார். கிளட்ச் ஒயரை இழுத்துப் பார்ப்பார். பெட்ரோலில் கலக்கும் எண்ணெயை அம்மாவின் மருந்து அவுன்ஸ் கிளாஸில் அளப்பார். அதற்கு ஒரு சண்டை நடக்கும். ஸ்பானரை எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. சில நாள் வண்டி கிளம்பாது. இடது பக்கமாக ஒரு தரம் சாய்த்து நிமிர்த்தி உதைப்பார், கிளம்பிவிடும். அந்த வண்டி வாரா வாரம் கவனிக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது, ஆகையால் கவனித்தார்கள். என் ஸ்கூட்டரோ பொத்தானை அழுத்தினால் கிளம்புகிறது. பன்னிரண்டு வருஷமாக என்னை ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்றும் கேட்காத மனுஷிக்கு வீட்டில் என்ன கதி என்று நம்மில் பலருக்குத் தெரியும். கடைசிப் பந்திதான்.

அன்று மத்தியானமே பால் கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து வண்டிக் கணக்கு ஆரம்பித்தேன். இடது பக்கம் தேதி, நடுவில் கிலோமீட்டர், வலது பக்கம் என்ன செய்தது.

முதல் பக்கம் முழுக்க எண்ணெய். புது வண்டிக்குக் கைப்புத்தகம் சொல்கிற கெடு ஒன்று. வயசான வண்டிக்கு அதில் பாதியில் மாற்றிவிடுவது நல்லது என்பது பாயின் கட்சி. என் வண்டிக்கு மூவாயிரம் என்று வைத்துக்கொண்டேன். கிழட்டு என்ஜின் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, ஆனால் உள்ளே குறைந்துகொண்டே வரும். மொத்தமே முக்கால் லிட்டர் சமாசாரம், அதில் கால் பங்கு போனால் என்ன ஆகும்? ஆகவே பதினைந்து நாளைக்கு ஒரு தரம், சமதரையில் பெரிய ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, என்ஜினை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, எண்ணெய் இறங்கினதும் அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி வைத்துப் பார்க்கிறேன். எங்கள் வண்டியில் குச்சியைத் திருகாமல் வைத்து எடுக்க வேண்டும். குச்சியில் இரண்டு கோடு இருக்கும், நடுவில் நிற்கவேண்டும். இன்னொரு விஷயம்: மோட்டார் சைக்கிளுக்கு விடுகிற எண்ணெய் வேறு, நம் ஸ்கூட்டருக்கு வேறு. டப்பாவில் ‘ஜாஸோ எம்.பி.’ என்று போட்டிருந்தால் கியரில்லாத ஸ்கூட்டருக்கு, ‘எம்.ஏ.’ என்றால் மோட்டார் சைக்கிளுக்கு. கடைக்காரர் கையில் எது வருகிறதோ அதை வாங்கி வந்துவிடக்கூடாது.

இந்த நோட்டுப் புத்தகம் எனக்குப் பெரிய செலவு ஒன்றை மிச்சம் பிடித்துக் கொடுத்தது. பாய் ஊருக்குப் போயிருந்த சமயம். வண்டியின் பின்னால் நீலமாகப் புகை வந்தது. வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பார்த்த மாத்திரத்தில், “என்ஜின் போயிடுச்சும்மா. போர் போட்டுப் புது பிஸ்டன் போடணும்” என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு என் காது அடைத்துக்கொண்டது. பெண்ணின் பணத்தில்தான் கை வைக்க வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ராத்திரி நோட்டைப் புரட்டினேன். இரண்டு மாசமாக எண்ணெய் குறைந்த அளவு கொஞ்சம்தான். நாலு நாள் முன்னால் நானே கொஞ்சம் ஊற்றினதாகவும் எழுதியிருந்தது. எவ்வளவு என்று எழுதவில்லை! குச்சியை எடுத்துப் பார்த்தால், மேல் கோட்டையும் தாண்டி எங்கேயோ நிற்கிறது எண்ணெய். தாளிக்கிற கை அல்லவா, தாராளமாக விட்டுவிட்டேன். எண்ணெய் அளவுக்கு மீறினால் ஆவியோடு ஏறி, காற்றுப் பெட்டி வழியாக உள்ளே போய் எரிந்து புகையும் என்று பாய் வந்ததும் சொன்னார். ஜாஸ்தியை வடித்தார். காற்றுப் பெட்டியையும் துடைத்துவிட்டார். இரண்டு நாளில் புகை நின்றுவிட்டது. அதன் பிறகு நான் அவுன்ஸ் கிளாஸில்தான் அளக்கிறேன். எங்கள் வீட்டிலும் இப்போது அதற்கு ஒரு சண்டை நடக்கிறது.

காற்றுப் பெட்டி என்றதும் இன்னொரு வெட்கக்கேட்டையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதற்குள் மடிப்பு மடிப்பாகக் காகித வடிகட்டி ஒன்று இருக்கிறது. லாரிப் புழுதியில் கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. மெனக்கெட்டு சோப்புப் போட்டு அலசி, மொட்டை மாடியில் உலர்த்தினேன். அது எண்ணெய் ஊறின காகிதமாம், அலசவும் கூடாது, ஊதவும் கூடாது, மாற்ற மட்டும்தான் செய்யலாமாம். பாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “இஸ்திரி போடலியா?” என்று கேட்டார்.

சக்கரத்தின் கதை வேறு. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். மிளகாய்ப் பொடிப் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்காத நான், என் பின் டயரில் முதல் முதலாகப் பார்த்தபோது ‘1316’ என்று இருந்தது. அதாவது 2016-ஆம் வருஷம் பதின்மூன்றாவது வாரம் பிறந்தது. அதன் பள்ளங்கள் எல்லாம் மேட்டோடு மேடாகிவிட்டன. மழையில் அதை நம்பித்தான் மாமியாரை அழைத்துப் போயிருக்கிறேன்! அன்றே மாற்றினோம். பிரேக்கிலும் சக்கரத்தின் அருகே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், அது அடையாளக் கோட்டுக்கு நேராக வந்துவிட்டதென்றால் பிரேக் ஷூ தேய்ந்தது என்று அர்த்தம். இதைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் பிரேக்கைப் பிடிக்கிறவர் மாமியார். “விடட்டுமா? விடட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளக்கின் முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் க்ஷேமம். கரி பிடித்திருந்தால் விசாரிக்க வேண்டும். ஹாண்டில் நேராக வந்ததும் இடறினால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. காலையில் முதல் தடவை பொத்தானை அழுத்தாமல் காலால் உதைத்துக் கிளப்பினால் பாட்டரிக்கு ஆயுசு. மே மாச லீவில் பள்ளிக்கூடம் இல்லையென்று வண்டியை மூடி வைக்கிற வழக்கத்தை விட்டுவிட்டேன். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கிப் பிசுக்காகிவிடுகிறது. இப்போதெல்லாம் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களுக்கு அது அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது என்பதால், பாய் அந்தக் குழாயையும் மாற்றிவிட்டார். வாசலில் பெட்ரோல் வாசனை வந்தால் முதலில் மூக்கைச் சுளிப்பவர் மாமியார். அந்த விஷயத்தில் அவரை நம்பலாம்.

ஒரு நாள் பாய் வேலை செய்துகொண்டிருந்தபோது மாமியார் அவரிடம் எங்கள் ஊர்ச் சுவாமி கதையைச் சொன்னார். ஊரே மூங்கில் காடாக இருந்ததாம். பாசு என்றால் மூங்கில். புதருக்குள் வாச்சியால் வெட்டியபோது அடியில் இருந்த லிங்கத்தின் மேல் பட்டுவிட்டதாம். அதனால்தான் வாசீஸ்வரர் என்று பெயர். இன்றைக்கும் லிங்கத்தின் உச்சியில் அந்தத் தழும்பு இருக்கிறது.

“அப்போ சாமிக்குப் பேரே ஆயுதத்தாலதான் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டு, பாய் கையிலிருந்த ஸ்பானரை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

பெண் காலேஜில் சேர்ந்துவிட்டாள். முதல் வருஷப் பணம் முழுசாகக் கட்டியாயிற்று. போன வாரம் அவளுடைய சிநேகிதி தன் ஸ்கூட்டரில் வந்தாள். வண்டி கிளம்பும்போது ‘கீச்’சென்று ஒரு சத்தம் கேட்டது. நான் சமையலறையிலிருந்து எழுந்து வருவதற்குள், வாசலில் என் பெண்ணின் குரல்:

“இருடீ, போகாதே. பெல்ட்டு எப்போ மாத்தினே?”

அந்தப் பெண்ணுக்கு ஞாபகம் இல்லையாம். இருவருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு பாய் கடைக்குப் போனார்கள்.

நோட்டில் அடுத்த வரி எழுபத்திரண்டாயிரத்தில் எண்ணெய் மாற்றம். அதற்கு இன்னும் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது. நாளைக்கு அமாவாசை. மாமியார் இப்போதே வெல்லத்தைப் பொட்டலம் கட்டி, மறந்துவிடப் போகிறேன் என்று ஹாண்டிலில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். எறும்பு வராமல் இருக்க வேண்டும்.